நெருக்கடி வந்தால் ஒன்றியம் ஏன் கசக்கிறது?

டெல்லி ராஜிந்தர் நகரில் அறை எடுத்துத் தங்கி யூபிஎஸ்சிக்குப் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: “பொருளாதாரம் நன்றாக இருக்கும்வரை ஐரோப்பிய ஒன்றியத்தை யாரும் கண்டுகொள்வதில்லை. நெருக்கடி வந்ததும் மக்கள் அதற்கு எதிராகத் திரும்புகிறார்கள். ஏன்? பணக்கார ஐரோப்பாவிலேயே இந்த நிலை என்றால், தெற்காசியாவில் அப்படி ஒரு கூட்டமைப்பைப் பற்றிப் பேசுவதே வீண்தானே?” பார்வைக்கு இது ஐரோப்பாவைப் பற்றிய கேள்வி. பல நாடுகள் தங்கள் அதிகாரத்தில் ஒரு பங்கைப் பொதுவில் வைக்கும் ஏற்பாடு நல்ல காலத்துக்கு மட்டும்தான் தாங்குமா என்பதே அவர் உண்மையில் கேட்க வருவது என்று எடுத்துக்கொள்கிறேன். டெல்லியில் ஐரோப்பிய அரசியலைப் பல வருடங்களாகப் பாடம் நடத்துகிறேன். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணக் கஷ்டம் மட்டுமே மக்களை ஒன்றியத்துக்கு எதிராகத் திருப்பிவிடுவதில்லை. அந்தக் கஷ்டத்தை யார் சுமப்பது என்பதை, தாங்கள் ஓட்டுப் போடாத, ஓட்டுப் போட்டு இறக்கவும் முடியாத யாரோ முடிவு செய்கிறார்கள் என்று படும்போதுதான் கசப்பு வேர் பிடிக்கிறது.

சந்தேகத்துக்கு இடமில்லாத விஷயங்களை முதலில் பார்த்துவிடுவோம். ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் 1970-களிலிருந்து யூரோபாரோமீட்டர் என்ற கருத்துக்கணிப்பை நடத்திவருகிறது. 2007 வசந்த காலக் கணிப்பில் ஒன்றியத்தின் மீது நம்பிக்கை இருப்பதாகச் சொன்னவர்கள் 57 சதவீதம். 2013-ல் அது 31 சதவீதம். இடைப்பட்ட காலத்தில்தான் அமெரிக்க வங்கி நெருக்கடி, கிரீஸ் கடன் நெருக்கடி எல்லாம் வந்தன. வேலையின்மை அதிகம் ஏறிய வட்டாரங்களில்தான் ஒன்றிய எதிர்ப்புக் கட்சிகளுக்கு ஓட்டும் அதிகம் கூடியது என்று வட்டார வாரியாகக் கணக்குப் பார்த்த பொருளாதார அறிஞர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆகவே தொடர்பு இருக்கிறது. ஆனால் பயிற்சி வகுப்புக் குறிப்புகளில் பெரும்பாலும் விட்டுப்போகும் இன்னொரு எண் உண்டு. அதே 2013 கணிப்பில் தங்கள் சொந்த நாடாளுமன்றத்தை நம்புவதாகச் சொன்னவர்கள் 26 சதவீதம், சொந்த அரசாங்கத்தை நம்புவதாகச் சொன்னவர்கள் 25 சதவீதம்தான். அதாவது நெருக்கடியில் எல்லா ஆட்சி அமைப்புகளும் சேர்ந்தே அடி வாங்கின. ஒன்றியத்தின் மீது தெரியும் கோபத்தில் ஒரு பங்கு உள்ளூர் ஆட்சியின் மீதான கோபம். எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்லும் அளவுக்குக் கருத்துக்கணிப்பு கூர்மையான கருவி அல்ல. நானும் அந்த எண்களை வைத்துத்தான் பேசுகிறேன் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கஷ்டம் வந்தால் ஒன்றியம் கசக்கும் என்பது பொது விதியாக இருந்தால், ஐஸ்லாந்து நடந்துகொண்டதற்கு விளக்கமே கிடைக்காது. 2008 அக்டோபரில் அந்த நாட்டின் மூன்று பெரிய வங்கிகளும் சில நாட்களுக்குள் விழுந்தன. அதுவரை ஒன்றியத்தை எட்டியே வைத்திருந்த நாடு, 2009 ஜூலையில் தங்களையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி விண்ணப்பம் போட்டது. பொருளாதாரம் தேறிவந்த பிறகு, 2013-ல் வந்த புதிய அரசுதான் அந்தப் பேச்சை நிறுத்திவைத்தது. அயர்லாந்தையும் பாருங்கள். ஒன்றியத்தின் விதிகளை மாற்றியமைக்கும் லிஸ்பன் ஒப்பந்தத்தை 2008 ஜூனில் 53 சதவீத ஓட்டுடன் நிராகரித்தார்கள். நடுவில் வங்கிகள் சரிந்தன, வீட்டு விலைகள் விழுந்தன. 2009 அக்டோபரில் மறுபடியும் கேட்டபோது 67 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். இடையில் அயர்லாந்துக்குச் சில உறுதிமொழிகள் கொடுக்கப்பட்டன என்பது உண்மை. ஆனாலும் தனியாக நின்றால் தாங்க முடியுமா என்ற பயமும் அந்த ஓட்டில் இருந்தது. எதிர்ப்பக்கத்தில், 2005-ல் ஐரோப்பிய அரசியலமைப்பு ஒப்பந்தத்தை பிரான்சில் 55 சதவீதம் பேரும் நெதர்லாந்தில் 61 சதவீதத்துக்கு மேற்பட்டவர்களும் நிராகரித்தபோது நெருக்கடி எதுவும் இல்லை. பிரிட்டன் 2016-ல் வெளியேற ஓட்டுப் போட்டபோது அங்கே வேலையின்மை 5 சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தது. ஒன்றிய நாடுகள் பலவும் பொதுவாக வைத்திருக்கும் யூரோ நாணயத்தில் அவர்கள் சேரவும் இல்லை.

அப்படியானால் கிரீஸில் என்ன நடந்தது? இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விஷயமே இங்கேதான் இருக்கிறது. 2009 அக்டோபரில் பதவியேற்ற அரசு, பற்றாக்குறை முன்பு சொன்னதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் என்று வெளிப்படுத்தியது. கடன் கொடுக்க ஆள் இல்லாமல் போனது. சொந்த நாணயம் வைத்திருக்கும் நாடு இப்படிப்பட்ட நேரத்தில் நாணய மதிப்பை இறக்கும். இறக்குமதி விலை ஏறும், மக்கள் கஷ்டப்படுவார்கள், ஆனால் ஏற்றுமதி பிழைக்கும். யூரோவில் இருக்கும் நாட்டுக்கு அந்த வழி இல்லை. நாணயத்தை இறக்க முடியாததால் சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் இறக்கினார்கள். 2010 மே மாதம் 110 பில்லியன் யூரோ கடன் ஒப்புக்கொள்ளப்பட்டது. அதில் பெரும்பகுதி பழைய கடன்காரர்களுக்கே திரும்பிப் போனது. பதிலுக்கு ஐரோப்பிய ஆணையம், ஐரோப்பிய மத்திய வங்கி, பன்னாட்டு நிதியம் மூன்றும் சேர்ந்த குழு ஒன்று ஏதென்ஸுக்கு வந்து வந்து கணக்குப் பார்த்தது. 2012-ல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 751 யூரோவிலிருந்து 586 யூரோவாக வெட்டப்பட்டது. 25 வயதுக்குக் கீழே இருந்தவர்களுக்கு இன்னும் குறைவு. மறு வருடம் வேலையின்மை 27 சதவீதத்தைத் தாண்டியது.

2015 ஜூன் கடைசியில் வங்கிகளை மூடி, ஏடிஎம்மில் ஒருவர் ஒரு நாளைக்கு 60 யூரோதான் எடுக்கலாம் என்றார்கள். சில நாட்களிலேயே பல இயந்திரங்களில் 20 யூரோ நோட்டு தீர்ந்துபோனது. ஆகவே 60 என்பது நடைமுறையில் ஒரே ஒரு 50 யூரோ நோட்டாகச் சுருங்கியது. ஓய்வூதியக்காரர்களில் பலரிடம் ஏடிஎம் கார்டே கிடையாது. அவர்களுக்காகச் சில கிளைகளைத் தனியாகத் திறந்தார்கள். முதியவர்கள் விடியற்காலையிலிருந்து கதவுக்கு வெளியே காத்துக் கிடந்தார்கள். அடுத்த வருடம் நவம்பரில் டெல்லியில் 2,000 ரூபாய்க்காக வரிசையில் நின்ற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. நாம் வரிசையில் நின்றதற்குக் காரணமான முடிவை எடுத்தவர்கள் நம் ஓட்டைக் கேட்டு வர வேண்டியவர்கள். ஏதென்ஸ் வரிசையில் நின்றவர்கள் ஜூலை 5 அன்று பொதுவாக்கெடுப்பில் 61 சதவீத ஓட்டுடன், கடன் கொடுப்பவர்கள் கேட்ட நிபந்தனைகளை வேண்டாம் என்றார்கள். ஒரு வாரம் கழித்து, அதைவிடக் கடுமையான நிபந்தனைகளுக்கு அவர்களுடைய பிரதமர் சம்மதிக்க வேண்டிவந்தது. ஓட்டுக்குப் பயன் இல்லை என்று ஒரு நாட்டுக்கே காட்டிய சம்பவம் அது. இவ்வளவுக்குப் பிறகும் கிரேக்கர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் யூரோவை விட வேண்டாம் என்றே கணிப்புகளில் சொல்லிவந்தார்கள். நடத்தப்பட்ட விதம் அவர்களுக்குத் தாங்க முடியவில்லை, வெளியே போனால் என்ன ஆகும் என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் ஐரோப்பாவைப் புரிந்துகொள்ளவே முடியாது.

கடன் வாங்கியவர்களுக்கு மட்டும்தான் கோபம் என்று நினைக்க வேண்டாம். கொடுத்தவர்களுக்கும் அதே அளவு வந்தது. ஸ்லோவாக்கியாவில் சராசரி ஓய்வூதியம் கிரீஸைவிடக் குறைவு. “எங்களைவிட நன்றாக வாழ்ந்தவர்களுக்கு நாங்கள் ஏன் உத்தரவாதம் தர வேண்டும்?” என்பது அங்கே எழுந்த கேள்வி. 2011 அக்டோபரில், கடனில் சிக்கிய யூரோ நாடுகளுக்கான மீட்பு நிதியை விரிவாக்கும் தீர்மானத்தில் தோற்று ஸ்லோவாக்கிய அரசே கவிழ்ந்தது. அதே வருடம் ஃபின்லாந்தில் மீட்பு நிதியை எதிர்த்த கட்சி 19 சதவீத ஓட்டு வாங்கியது. ஜெர்மனியில் 2013-ல் ஏஎஃப்டி கட்சியைத் தொடங்கியவர்களில் பொருளாதாரப் பேராசிரியர்கள் இருந்தார்கள். யூரோ மீட்பு நிதியை எதிர்ப்பதுதான் அப்போது அதன் முதல் கொள்கை. அகதிகள் எதிர்ப்பு முன்னுக்கு வந்தது அதற்கு அப்புறம். கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே நேரத்தில் ஏமாற்றப்பட்டதாக உணரும் ஏற்பாட்டில் கட்டுமானக் கோளாறு இருக்கிறது என்றே நான் சொல்வேன். நாணயம் பொதுவாகிவிட்டது. வரி, செலவு, கடன் எல்லாம் நாட்டு மட்டத்திலேயே நின்றுவிட்டன. ஒன்றியத்தின் பட்ஜெட் உறுப்பு நாடுகளின் மொத்த வருமானத்தில் ஏறக்குறைய ஒரு சதவீதம்தான். அதில் பாதிக்கு மேல் விவசாயத்துக்கும் பின்தங்கிய வட்டாரங்களுக்கும் போய்விடும். நெருக்கடியில் தானாகக் கைகொடுக்கப் பணம் இல்லை. ஆனால் சிக்கனம் பிடிக்கச் சொல்லும் அதிகாரம் இருந்தது.

நம் பக்கத்து நடப்பை வைத்துப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். 2024 பிப்ரவரி 7 அன்று கர்நாடக முதல்வர் சித்தராமையா தன் அமைச்சர்கள், எம்எல்ஏக்களுடன் டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார். ‘என் வரி, என் உரிமை’ என்பது முழக்கம். மத்திய வரியை மாநிலங்களுக்குப் பிரித்துத் தரும் கணக்கில், 14-வது நிதிக்குழுவில் 4.713 சதவீதமாக இருந்த கர்நாடகத்தின் பங்கு 15-வது நிதிக்குழுவில் 3.647 ஆகக் குறைந்தது என்பது அவர்கள் குறை. மறுநாள் கேரள முதல்வர் அதே இடத்தில் உட்கார்ந்தார். அந்த வாரக் கடைசியில் ஆர்.கே.புரம் மலை மந்திர் வாசலில், மத்திய அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்ற நம் ஊர்க்காரர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். “சார், நாம ஒரு ரூபா குடுத்தா நமக்கு எத்தனை பைசா திரும்புது? எத்தனை நாளைக்கு இப்படி?” என்றார். குரலில் உண்மையான கோபம் இருந்தது. எனக்கும் அந்தக் குறையில் நியாயம் தெரிகிறது. பிரிந்து போவதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த நிதிக்குழுவில் எந்த அளவுகோலை மாற்றச் சொல்ல வேண்டும், நம் 39 எம்பிக்கள் என்ன செய்ய வேண்டும் என்றுதான் பேச்சு போனது. வருத்தத்தைக் கொண்டுபோய்க் கொட்ட ஓர் இடமும், அதை மாற்ற ஒரு தேர்தலும் இருந்தால் கோபம் அந்த அமைப்புக்குள்ளேயே ஓடுகிறது. ஒரு மாநிலத்தில் மழை பொய்த்தாலும் தொழில் படுத்தாலும் ரயில்வே சம்பளம், மத்திய அரசு ஓய்வூதியம் எல்லாம் யாரும் பேச்சுவார்த்தை நடத்தாமலே வந்துகொண்டிருக்கும். ஏதென்ஸுக்கு, ஒன்றியத்தின் தலைமையகம் இருக்கும் பிரஸ்ஸல்ஸிலிருந்து அப்படி எதுவும் வரவில்லை.

இதைச் சொல்வதால் நம் ஏற்பாட்டில் குறை இல்லை என்று அர்த்தம் இல்லை. மாநிலங்கள் தங்கள் வரி அதிகாரத்தில் பெரும்பகுதியை 2017-ல் ஜிஎஸ்டி கவுன்சிலில் பொதுவாக வைத்தன. பதிலுக்கு ஐந்து வருடம், ஆண்டுக்கு 14 சதவீத வளர்ச்சிக் கணக்கில் இழப்பீடு தருவதாக உறுதி. 2020-ல் கொரோனா வந்து வசூல் படுத்ததும், பற்றாக்குறையை மாநிலங்களே கடன் வாங்கிச் சமாளிக்கலாம் என்று மத்திய அரசு சொன்னது. மாநிலங்கள் கொதித்தன. அக்டோபரில் 1.1 லட்சம் கோடி ரூபாயை மத்திய அரசே அவர்கள் சார்பில் கடன் வாங்கித் தருவதாக இறங்கிவந்த பிறகுதான் ஓரளவு அடங்கியது. கஷ்ட காலத்தில் கொடுத்த வாக்கு தவறினால் சந்தேகம் எங்கேயும் முளைக்கும், கூட்டாட்சிக்குள்ளும்தான்.

ஐரோப்பா அதே 2020-ல் வேறு பாதையில் போனது. மார்ச் மாதத்தில் இத்தாலியில் மக்கள் கொத்துக்கொத்தாக இறந்துகொண்டிருந்தபோது ஜெர்மனியும் பிரான்சும் முகக்கவச ஏற்றுமதிக்குத் தடை போட்டன. இத்தாலியில் ஒன்றியத்தின் மீது கசப்பு உச்சத்துக்குப் போனது. ஜூலை 21 அன்று தலைவர்கள் 750 பில்லியன் யூரோ மீட்புத் திட்டத்துக்கு ஒப்புக்கொண்டார்கள். அந்தப் பணத்தை ஒன்றியமே தன் பெயரில் கடனாக வாங்கும், ஒரு பகுதியை மானியமாகவே கொடுக்கும். பத்து வருடம் முன்பு ஜெர்மனி காதில் வாங்கவே மறுத்த யோசனை அது. இத்தாலிக்கு மட்டும் அதில் 190 பில்லியனுக்கு மேல் ஒதுக்கீடு. 2021 கணிப்பில் ஒன்றியத்தின் மீதான நம்பிக்கை 49 சதவீதமாக ஏறியிருந்தது. 2008-க்குப் பிறகு அதுவரை அதுதான் அதிகம். பொருளாதாரம் விழுந்த அளவில் 2020, 2009-ஐவிட மோசமான வருடம். அப்படியும் நம்பிக்கை சரியவில்லை, கூடியது. இதுதான் என் வாதத்துக்கு இருக்கும் மிக வலுவான ஆதாரம். அதே சமயம் இதை அறுதியான நிரூபணமாக நான் நீட்ட மாட்டேன். கொரோனா யாருடைய ஊதாரித்தனத்தாலும் வந்ததல்ல என்பதால் இரக்கம் எளிதாக இருந்தது. பிரிட்டன் வெளியேறி அலைந்ததைப் பார்த்தவர்களுக்கு வெளியே போகும் ஆசையும் குறைந்திருந்தது. பணம் எவ்வளவு வேலை செய்தது, இவை எவ்வளவு செய்தன என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து ஒன்றுபடவில்லை.

கருத்து ஒன்றுபடாத இன்னொரு பெரிய இடம் பிரிட்டன். வாரிக் பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர் தீமோ ஃபெட்சர், 2010-க்குப் பிறகு அரசு உதவித்தொகைகள் அதிகம் வெட்டப்பட்ட ஊர்களில்தான் வெளியேறச் சொன்ன கட்சிக்கு ஆதரவு கூடியது என்று காட்டினார். அந்த வெட்டைச் செய்தது லண்டன் அரசு, பிரஸ்ஸல்ஸ் அல்ல. வேறு பலர், குடியேற்றமும் தேசிய அடையாளமும்தான் முதல் காரணம் என்கிறார்கள். இந்த இடத்தில் நான் வகுப்பில் இரண்டு ஊர்களைப் பக்கத்தில் வைத்துக் காட்டுவேன். இங்கிலாந்தின் சண்டர்லாந்து, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ இரண்டுமே கப்பல் கட்டும் தொழில் நலிந்துபோன, வறுமை தங்கிவிட்ட ஊர்கள். சண்டர்லாந்தின் பெரிய கார்த் தொழிற்சாலை ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்துதான் ஓடுகிறது. அங்கே 61 சதவீதம் பேர் வெளியேறச் சொன்னார்கள். கிளாஸ்கோவில் 67 சதவீதம் பேர் இருக்கச் சொன்னார்கள். பணக் கணக்கு ஒன்றுபோலத்தான் இருந்தது. கிளாஸ்கோவில் கோபத்துக்கு ஏற்கெனவே ஒரு முகவரி இருந்தது, அது லண்டன். ஸ்காட்லாந்து தேசியக் கட்சி அந்தக் கோபத்தை ஐரோப்பாவுக்கு ஆதரவாகவே திருப்பியது. கஷ்டத்துக்கு யார் காரணம் என்று உள்ளூர் அரசியல்வாதிகள் கைகாட்டும் திசையைப் பொறுத்தும் மக்கள் திரும்புகிறார்கள் என்று இதை நான் வாசிக்கிறேன். இது என் வாசிப்பு, தீர்ந்த முடிவு அல்ல.

சரி, தெற்காசியாவுக்கு வருவோம். இங்கே ஒருங்கிணைப்பே இல்லை என்று எழுதிவிடாதீர்கள். நேபாள ரூபாய் 1993 முதல் இந்திய ரூபாயுடன் 1.60-க்கு ஒன்று என்ற கணக்கில் கட்டப்பட்டிருக்கிறது. பூடான் நாணயம் நம் ரூபாய்க்குச் சமம். நேபாளத்துடன் எல்லை திறந்தே இருக்கிறது. டெல்லியில் காவலாளியாகவும் சமையற்காரராகவும் வேலை பார்க்கும் நேபாளிகள் விசா இல்லாமல் வந்தவர்கள்தான். 2016 நவம்பரில் 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றபோது, இங்கே உழைத்துச் சேர்த்து நேபாளக் கிராமத்துப் பெட்டியில் வைத்திருந்த நோட்டுகளும் செல்லாமல் போயின. நேபாளத்தின் மத்திய வங்கியான ராஷ்டிர வங்கியிடமே பழைய நோட்டுகள் தேங்கின. மாற்றித் தரச் சொல்லிப் பலமுறை கேட்டும் காரியம் ஆகவில்லை. 2018 டிசம்பரில் நேபாளம் 100 ரூபாய்க்கு மேற்பட்ட இந்திய நோட்டுகளைத் தன் மண்ணில் தடை செய்தது. முடிவு டெல்லியில், நஷ்டம் அங்கே, அவர்களுக்கு இங்கே ஓட்டு இல்லை. ஏதென்ஸில் பார்த்த அதே நோய்தான்.

இலங்கையின் சந்தேகம் இன்னும் பழையது. இந்தியாவுடன் 2000-ல் நடைமுறைக்கு வந்த தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தை விரிவாக்கும் முயற்சி 2008-ல் கொழும்பு வியாபாரிகளின் எதிர்ப்பில் நின்றது. 2016-ல் மறுபடி பேச்சு எழுந்தபோது, இந்தியாவிலிருந்து ஆட்கள் வந்து வேலையைப் பிடித்துக்கொள்வார்கள் என்று மருத்துவர் சங்கம் வீதிக்கு வந்தது. 2022-ல் இலங்கை கடனைக் கட்ட முடியாமல் நின்றபோது இந்தியா ஏறக்குறைய 4 பில்லியன் டாலர் உதவியது. தமிழ்நாடு அரசு சென்னைத் துறைமுகத்திலிருந்து அரிசி, பால் மாவு, மருந்து அனுப்பியது. 2023-ல் ஒப்பந்தப் பேச்சு மீண்டும் தொடங்கியது. ஐஸ்லாந்தைப் போல இங்கேயும் நெருக்கடி கதவைத் திறந்தது என்று சொல்லலாம். ஆனால் கதவு திறந்திருப்பதும் சந்தேகம் போவதும் வேறு வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தின் மிகப் பெரிய நாடான ஜெர்மனியில் அதன் மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவானவர்கள்தான் இருக்கிறார்கள். தெற்காசியாவில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு மக்கள் இந்தியாவில். இங்கே எந்தப் பொது அமைப்பு வைத்தாலும் அது டெல்லியின் கையாகத்தான் அண்டை நாட்டவருக்குத் தெரியும். தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க்கின் தலைவர்கள் 2014 காத்மாண்டு மாநாட்டுக்குப் பிறகு கூடவே இல்லை என்பது இதன் மேல் வந்த இன்னொரு சுமை.

ஆகவே “பேசுவதே வீண்” என்ற முடிவுக்கு நான் வர மாட்டேன், வரிசையை மாற்றச் சொல்வேன். பொது நாணயம், பொது நாடாளுமன்றம் எல்லாம் கடைசியில் வர வேண்டியவை. கஷ்டம் வந்தால் உடனே தெரியும்படி கைகொடுக்கும், ஒரு தலைநகரம் மட்டும் முடிவெடுக்க முடியாத சின்ன ஏற்பாடுகள் முதலில் வரட்டும். 2024 நவம்பரில் நேபாளத்தின் 40 மெகாவாட் நீர்மின்சாரம் இந்தியக் கம்பிகள் வழியாக வங்கதேசத்துக்குப் போனது. மூன்று நாடுகளும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அது. அளவு சின்னதுதான். தேர்வில் எழுதுவதாக இருந்தால் சார்க் உச்சி மாநாடுகளின் பட்டியலைவிட இதைப் பற்றி எழுதுங்கள். டாக்காவில் ஆட்சி மாறி, டெல்லியுடன் உறவு கசந்திருந்த நேரத்திலும் அந்த மின்சாரம் போய்ச் சேர்ந்தது எப்படி, ஒப்பந்தத்தில் யாருக்கு எந்த அதிகாரம் இருக்கிறது என்று தேடிப் படியுங்கள்.